சேர்வராயன் மலையில் ஒளியால் 'நன்றி' எழுத முடியுமா?

[காட்சி: மொட்டை மாடியிலிருந்து தெரியும் சேர்வராயன் மலை. இருட்டத் தொடங்குகிறது.]

வணக்கம். சேலத்துக்காரர்களுக்கு இந்த மலையைக் காட்டி அறிமுகம் சொல்லவே வேண்டாம். மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு நன்றி சொல்ல, கொரோனா காலத்தில் சுவிட்சர்லாந்தில் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஒளியால் படம் காட்டினார்களே, அதே மாதிரி நம் மலையிலும் காட்டலாமே என்று நண்பர்கள் பல பேர் கேட்டுவிட்டார்கள். ஆசை நல்ல ஆசைதான், ஆனால் மலை ஒத்துழைக்காது. ஏன் என்று பார்ப்போம்.

[காட்சி: பனி மூடிய சிகரத்தின் வரைபடம்]

2020 மார்ச் 24 முதல் கெர்ரி ஹாஃப்ஸ்டெட்டர் என்ற ஒளிக் கலைஞர் 4,478 மீட்டர் உயர மேட்டர்ஹார்ன் மேல் இரவு இரவாகப் படங்களைப் பாய்ச்சினார். ஏப்ரலில் நம் மூவர்ணக் கொடியும் அங்கே ஒளியாய்த் தெரிந்தது. அதே மாதம் 12ஆம் தேதி, ஈஸ்டர் அன்று, ரியோ டி ஜெனிரோவில் இருக்கும் கிறிஸ்து சிலைக்கு ஒளியாலேயே டாக்டர் கோட்டு போட்டுவிட்டார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பலம்: படம் விழும் இடம் வெளிர் நிறம். பனி, தன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். நம் மலையோ பச்சை. இலையும் கரும்பாறையும் ஒளியை விழுங்கிவிடும்.

அப்புறம் அளவு. இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 20,000 லூமென் (மெஷின் வெளியே தள்ளும் மொத்த ஒளியின் அளவு) புரொஜெக்டர் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறோம் என்று வையுங்கள், அதில் 20 மீட்டர் அகலம், பன்னிரண்டரை மீட்டர் உயரத்துக்குப் படம் போட்டால் பரப்பு 250 சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டருக்கு 80 லூமென் கிடைக்கும், அதாவது 80 லக்ஸ். இருட்டில் அது பளிச்சென்று தெரியும். அதே மெஷினை மலைப்பக்கம் திருப்பிப் படத்தை 200 மீட்டர் அகலமாக்கினால் அகலம் பத்து மடங்குதான் கூடுகிறது, பரப்போ நூறு மடங்கு. 80 லக்ஸ் இப்போது 0.8 ஆகிவிடும். அந்தக் கொஞ்சத்தையும் மரங்கள் குடித்துவிடும், மூடுபனி இறங்கினால் பாதி வழியிலேயே ஒளி சிதறிவிடும். அதோடு அது காட்டுமாடு நடமாடும் காடு. இரவில் அங்கே வெளிச்சம் அடிக்கவே கூடாது என்பது என் கருத்து.

[காட்சி: சுண்ணாம்பு அடித்த சுவர், எதிரே முக்காலியில் கேமரா]

சரி, மலை வேண்டாம், சுவருக்கு வருவோம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் சீரியல் செட் பார்த்திருப்பீர்கள், அதில் பல்புதான் படம். துபாயின் புர்ஜ் கலீஃபாவிலும் அப்படித்தான், கட்டடத்தின் மேலேயே எல்இடி இருக்கிறது. 2021 அக்டோபர் 21 அன்று, 100 கோடி தடுப்பூசி போட்டு முடித்ததற்காகத் தொல்லியல் துறை 100 நினைவுச் சின்னங்களை மூவர்ணத்தில் ஒளிர வைத்ததே, அது வண்ண விளக்கு. புரொஜெக்‌ஷன் மேப்பிங் என்பது சுவரின் வடிவத்துக்கு ஏற்ப அதன் மேல் ஒளியால் படம் போடுவது, அதில் சுவர்தான் திரை. சுவரை முதலில் போட்டோ பிடித்தோ ஸ்கேன் செய்தோ அதன் தூண், வளைவு, ஜன்னல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்துகொள்வார்கள், படத்தை அந்த வடிவத்துக்கு ஏற்ப வளைப்பார்கள், ஒளி போகக் கூடாத இடங்களைக் கறுப்பாக்கிவிடுவார்கள். புரொஜெக்டருக்குக் கறுப்பு என்றால் ஒளியே இல்லை என்று பொருள். உள்ளே நோயாளி தூங்கும் ஜன்னலை இப்படித்தான் காப்பாற்ற வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது, ஒரு ஜன்னல் விடாமல் மறைக்க வேண்டும்.

எந்தச் சுவர் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. என் அத்தை ஸ்டாஃப் நர்ஸ். 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவே கை தட்டியது, தட்டை எடுத்து வந்து அடித்தார்கள். அத்தை அப்போது வார்டில் இருந்தார். "எல்லாரும் தட்டுனாங்களாமே, எனக்கு ஒண்ணுமே கேக்கல கண்ணு" என்றார் மறுநாள். மூக்கின் மேல் மாஸ்க் அழுத்திய கோடு அப்படியே சிவந்திருந்தது, கையுறைக்குள் வேர்த்து விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருந்தது.

அதனால் ஊரிலேயே பெரிய கட்டடத்தைத் தேட வேண்டாம். மருத்துவமனை வாசலுக்கு எதிரே ஒரு வெளிர் சுவரைப் பிடியுங்கள், ஷிப்டு மாறும் இரவு நேரத்தில் டிபன் பையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பவர்கள் கண்ணில் படட்டும். 2021 மே மாதம் இரும்பாலை வளாகத்தில் 500 ஆக்ஸிஜன் படுக்கைகள் போட்டார்களே, அந்தப் பக்கமும் ஒரு நாள் காட்டலாம். மே 12 செவிலியர் தினம், ஜூலை 1 மருத்துவர் தினம், இரண்டுமே சரியான நாள். மே மாதம் என்றால் சாயங்கால மழைக்கு மெஷின் மேல் ஒரு தகரக் கூரை கட்டாயம். யாருடைய முகத்தைப் போட்டாலும் முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.

என்ன படம் போடலாம் என்று அத்தையிடம் கேட்டேன். டாக்டர், நர்ஸ், 108 டிரைவர், லேப் டெக்னீஷியன் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எங்க வார்டுல ஒரு மாப்பு வண்டி இருந்துச்சு கண்ணு. காலைல மொதல்ல வந்ததும் அதான், எல்லாரும் போனப்புறம் கடைசியாப் போனதும் அதான். அதத் தள்ளுன அக்காவப் போடு."

[காட்சி: வெள்ளைச் சுவரில், ஜன்னல்களுக்கு நடுவே, மாப்பு வண்டி தள்ளும் ஒரு பெண்ணின் கோட்டுருவம் மெல்ல நகர்கிறது.]