ஒரு வினை, மூன்று வேர்: ஆங்கிலத்தின் 'டு பி'

அவையில் கூடியிருக்கும் மொழி ஆர்வலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளை முதலில் மனப்பாடம் செய்வது 'ஐ ஆம், ஹி இஸ், தே ஆர்' என்பதைத்தான். 'வாக்' என்ற வினைக்கு நான்கு வடிவங்கள். 'சிங்' என்பதற்கு ஐந்து. இந்த வினைக்கு மட்டும் எட்டு: பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வெர், பீயிங், பீன். இவற்றுக்குள் முகச்சாயல் தெரியவில்லை என்றால் வியப்பில்லை, ஏனென்றால் இவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. வெவ்வேறு வினைகள் காலப்போக்கில் ஒரே வினையாகக் கலந்துவிட்டன.

முதல் வேர் 'இரு' என்ற பொருளுடையது. ஆங்கிலமும் சமஸ்கிருதமும் இந்தோ-ஐரோப்பியம் என்ற ஒரே மூலமொழியிலிருந்து கிளைத்தவை. அதனால் இதே வேர் சமஸ்கிருதத்தில் 'அஸ்' என்று நிற்கிறது. 'அஹம் பிரம்மாஸ்மி' என்பதில் கடைசியில் வரும் 'அஸ்மி'தான் ஆங்கில 'ஆம்' என்பதன் உறவு. 'அஸ்தி' என்பது 'இஸ்' என்பதன் உறவு. 'ந அஸ்தி', இல்லை, என்பதிலிருந்து வந்ததே நாம் வழங்கும் 'நாஸ்திகம்'. (எலும்பைக் குறிக்கும் அஸ்தி வேறு சொல், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இரண்டாவது வேர் 'ஆகு, தோன்று' என்பது. சமஸ்கிருதத்தில் 'பூ', 'பவதி'. ஆங்கிலத்தில் 'பி', 'பீன்'. சம்பவம், அனுபவம், பூதம் எல்லாம் இதன் வழி தமிழுக்கு வந்தவை.

மூன்றாவது 'தங்கு, குடியிரு' என்பது. சமஸ்கிருதத்தில் 'வஸ்', நம்மிடம் வனவாசம், நகரவாசி. ஆங்கிலத்தில் 'வாஸ்', 'வெர்'. தங்குதலைக் குறித்த வினை இருத்தலின் இறந்தகாலமாகிவிட்டது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஒருமையில் 'வாஸ்', பன்மையில் 'வெர்'. ஸகரம் எப்படி ரகரமாயிற்று? டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் கார்ல் வெர்னர் 1870களில் இதற்கு விடை கண்டார். மூலமொழியில் ஒருமை வடிவத்தின் அழுத்தம் வேரின் மேல் விழுந்தது, பன்மையில் ஈற்றின் மேல். அழுத்தம் பின்னால் போன இடங்களில் ஸகரம் ஆங்கில 'z' போன்ற அதிர்வொலியாகி, பிறகு ரகரமாக மாறியது. ஆங்கிலம், ஜெர்மன் முதலிய ஜெர்மானிய மொழிகளில் அந்தப் பழைய அழுத்தம் அழிந்துவிட்டது. அதைக் காப்பாற்றி வைத்திருந்தது வேத மொழி. 'உவாஸ', தங்கினான், என்பதில் உதாத்தம், அதாவது குரல் உயரும் அழுத்தம், வேரில். 'ஊஷுஃ', தங்கினார்கள், என்பதில் ஈற்றில். வேதம் ஓதுவோர் பிசகாமல் காத்த ஏற்ற இறக்கம் ஓர் ஆங்கில ரகரத்துக்குக் காரணம் சொல்கிறது. ஒப்பீட்டு மொழியியலில் எனக்கு இதைவிட அழகான நிரூபணம் தெரியாது.

பழைய ஆங்கிலத்தில் நிகழ்காலத்துக்கே இரண்டு வரிசைகள் இருந்தன. இப்போது இருப்பதைச் சொல்ல 'எயோம்' வரிசை. இனி நடக்கப்போவதையும் என்றும் உண்மையாக இருப்பதையும் சொல்ல 'பேயோ' வரிசை. பிற்காலத்தில் இந்த வேறுபாடு மங்கி, இரண்டும் ஒன்றாயின. பன்மைக்கு இருந்த 'சிண்டன்' மறைந்தது. ஜெர்மனில் அதன் உறவான 'ஸிண்ட்' இன்றும் உண்டு. வடக்கு வட்டார வழக்கான 'ஆர்' மெல்லத் தெற்கே பரவி அந்த இடத்தைப் பிடித்தது. அது பரவிய காலத்தின் தடத்தை பைபிள் மொழிபெயர்ப்பாளர் வில்லியம் டிண்டேல் 1526இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் காணலாம். ரோமர் 13:1இல் 'த பவர்ஸ் தட் பி ஆர்...' (இருக்கிற அதிகாரங்கள்...) என்று வருகிறது. அடுத்தடுத்து நிற்கும் 'பி', 'ஆர்' இரண்டுமே பன்மை நிகழ்காலம்தான்.

இனி, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம். 'ஆம்' என்ற தமிழ்ச்சொல்லே ஆங்கில 'ஆம்' என்று சிலர் ஆசையோடு சொல்கிறார்கள். தமிழ்மேல் உள்ள அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் சான்று நிற்கவில்லை. முதலில் இரண்டின் பழைய வடிவத்தைத் தேட வேண்டும். தமிழ் 'ஆம்' என்பது 'ஆகும்' என்பதன் சுருக்கம், தேய்ந்தது ககரம். ஆங்கில 'ஆம்' பின்னோக்கிப் போனால் 'எயோம்', அதற்கும் முன்னால் 'அஸ்மி' போன்ற ஒரு வடிவம், தேய்ந்தது ஸகரம். பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உண்மையான உறவு என்றால் நெருங்கி வந்திருக்கும்.

அடுத்து, அதே ஒலிப்பொருத்தம் வேறு சொற்களிலும் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். 'பவதி – பி' தனியாக நிற்கவில்லை. 'பிராதா – பிரதர்' (சகோதரன்), 'பரதி – பேர்' (சுமத்தல்) என்று வரிசையாக வருகிறது. சமஸ்கிருதத்தின் மூச்சுடைய பகரத்துக்கு ஆங்கிலத்தில் மூச்சில்லாத பகரம். ஒற்றைச் சோடியை மட்டும் காட்டி உறவு பேசினால் ஏற்கக் கூடாது.

கடைசியாக, கடன் எது, சொந்தம் எது என்று பிரிக்க வேண்டும். 'சம்பவம்' நாம் வாங்கியது. 'இரு', 'ஆகு' திராவிட மொழிக்குடும்பத்தின் சொந்த வினைகள். 'அவர் ஆசிரியர்' என்று வினையே இல்லாமல் முடிக்கும் நம் தொடருக்கு 'இஸ்' தேவைப்படுவதும் இல்லை.

கடன் சொற்களைத் தொடர்ந்து போனால் எதிர்பாராத இடங்களில் போய் நிற்போம். கிரேக்கத்தில் இந்தப் 'பூ' வேர் 'ஃப்யோ' ஆகி, இயற்கையைக் குறிக்கும் 'ஃபூசிஸ்' என்ற சொல்லைத் தந்தது. அதிலிருந்து வந்தது 'ஃபிசிக்ஸ்'. சமஸ்கிருதத்தில் அதே வேர் 'பூதம்' ஆகி, 'பௌதிகம்' ஆயிற்று. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'ஃபிசிக்ஸ்' என்பதைப் பௌதிகவியல் என்று எழுதும்போது, இருபுறமும் நிற்பது ஒரே வேர்.