டியூனிங் பின் இறுக்கமா இருந்தும் பியானோ ஸ்ருதி ஏன் நிக்கல?

வணக்கம். மூடியைக் கழட்டி வச்சிருக்கேன், கேமராவைக் கிட்ட கொண்டு போறேன். டியூன் பண்ணின பியானோ ரெண்டு நாள்ல இறங்கிட்டா, டியூனிங் பின், அதாவது கம்பியைச் சுத்தி இறுக்கி வச்சிருக்கிற இரும்பு முளை, லூஸுன்னு சொல்லிடுறாங்க. பின் லூஸா இருந்தா பின்னைத் திருப்புற லிவரைப் போட்டதுமே வழவழன்னு சுத்தும், கைக்கே தெரிஞ்சிடும். பின் இறுக்கமா இருந்தும் ஸ்ருதி நிக்கலைன்னா, கம்பி வளையுற இடங்களைப் பாருங்க.

இதோ இந்தக் கம்பி. டியூனிங் பின்ல மூணு சுத்து, அங்கேருந்து ஃபெல்ட் மேல ஏறி இந்தப் பித்தளை அக்ராஃப் ஓட்டைக்குள்ள நுழையுது. மேல் ஸ்தாயில அக்ராஃபுக்குப் பதிலா கேப்போ பார், கம்பிகளை மேலேருந்து அமுக்குற இரும்பு விளிம்பு. பின்னுலேருந்து இது வரைக்கும் இருக்கிறதை முன்துண்டுன்னு சொல்றேன். அதைத் தாண்டினதுதான் ஒலிக்கிற நீளம். அப்புறம் பிரிட்ஜ்ல, அதாவது கம்பி அதிர்வை ஒலிப்பலகைக்குக் கடத்துற மரக்கட்டையில, ரெண்டு சின்னப் பின்னுக்கு நடுவுல நெளிஞ்சு, பின்னாடி ஹிட்ச் பின்ல மாட்டியிருக்கு. வளையுற எடமெல்லாம் உராய்வு. அதனால கம்பி ஒண்ணுதான்னாலும் துண்டுக்குத் துண்டு இழுவை வேற.

இழுவை 80 கிலோன்னு வைங்க. ஒலிக்கிற நீளத்துல 200 கிராம் மாறினாலே 2 சென்ட் நகரும் (ஒரு அரைச் சுரத்துல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட்). ஒரே கீயோட மூணு கம்பியும் ஒரே ஸ்ருதியில சேர்ந்து ஒலிக்கிற யூனிசன் கலங்க அது போதும். கடைசி ஆக்டேவ்தான் ரொம்பப் படுத்தும். அங்க ஒலிக்கிற நீளமே 5லேருந்து 10 சென்டிமீட்டர்தான். முன்னாடி கொஞ்சம் இழுவை கூடினாலும் ஸ்ருதி அப்படியே ஓடிடும்.

இப்போ ஏத்துறேன், மீட்டரைப் பாருங்க. முள் அசையல. பின் முறுக்கிக்குது, முன்துண்டு இறுகுது. உராய்வைத் தாண்டினதும் கம்பி டக்குனு நழுவும். ஆங், இப்போ. முள் நடுவுக்கு வந்துடுச்சுன்னு இங்கேயே லிவரைக் கழட்டிடாதீங்க. முன்துண்டுல இழுவை மிச்சம் நிக்கலாம், பலமா வாசிச்சா அது உள்ள நழுவி ஸ்ருதி ஏறும். மேல போய் இறக்கி நிறுத்தினா கதை தலைகீழ்: முன்துண்டு தளர்ந்திருக்கும், அடிச்சதும் இறங்கும். ஏத்தும்போது முறுக்கின பின் தானா முறுக்கு விட்டாலும் இறங்கும். புகார் வர்றது பெரும்பாலும் இந்தக் கேஸ்தான்.

அதனால 3, 4 சென்ட் மேல போங்க, கீயைப் பலமா அடிச்சுக்கிட்டே இறக்குங்க. காதுல அடைப்பான் கட்டாயம். அப்புறம் பின்னைச் சுத்தாம, லிவரை மேல் பக்கம் லேசா ஒரு அழுத்து, கீழ்ப் பக்கம் அதே அளவு ஒரு அழுத்து. ரெண்டுக்கும் ஸ்ருதி ஒரே மாதிரி அசைஞ்சு திரும்பி வந்தா கம்பி நடுவுல உக்காந்திருக்கு. கீழ் அழுத்துக்கு மட்டும் சட்டுனு சரிஞ்சா முன்துண்டு தளர்வு. மறுபடி ஏத்தி இறக்கணும், வேற குறுக்கு வழி கிடையாது.

கடலோர ஊர் பியானோவா? ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு நூல் இறக்குங்க. "டிக்"குனு கேக்கும், துரு விடுற சத்தம். நேரா ஏத்தினா கம்பி அறுந்துடலாம். ரொம்பச் சிக்கினா பியானோவுக்குன்னு விக்கிற மசகுல ஊசி முனை அளவு, அக்ராஃப்லயும் ஃபெல்ட்லயும் மட்டும். பூட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயைக் கையில எடுக்காதீங்க. டியூனிங் பின் பதிஞ்சிருக்கிற பின் பிளாக் மரத்துல ஊறிடுச்சுன்னா பின் நிஜமாவே லூஸாகிடும்.

பிரிட்ஜ் பக்கம் வேற வியாதி. மத்த ரெண்டு கம்பியை அடக்கிட்டு ஒத்தக் கம்பியை அடிச்சாலும் "வவ்வவ்"னு பீட் வரும். அதை யாராலயும் டியூன் பண்ண முடியாது. பிரிட்ஜ் பின்னை ஸ்க்ரூட்ரைவர் முனையால பக்கவாட்டுல அழுத்திப் பாருங்க. பீட் நின்னா அந்தப் பின் மரத்துல ஆடுது. பின் அடியில தண்ணி மாதிரி இருக்கிற சூப்பர் க்ளூ ஒரு சொட்டு, கம்பியில படாம. சிலர் கம்பியைப் பிரிட்ஜ்ல படியணும்னு சுத்தியலால தட்டுவாங்க. அப்பத்திக்கு நல்லாத்தான் கேக்கும். ஆனா பிரிட்ஜ் விளிம்பு மரம் நசுங்கிடும், அப்புறம் கம்பி விளிம்பைத் தொடாம பின்னை மட்டும் பிடிச்சு நிக்கும், அதே பீட் திரும்பி வரும்.