வீட்டுக்காரர் எங்கம்மா வேலை பாக்குறார்?

வணக்கம் நேயர்களே. மதுரையில பதினாலு வருஷமா, வீட்டுல அடி தாங்க முடியாம வெளிய வந்த பொண்ணுங்க கூட ஸ்டேஷன், கோர்ட், ஆஸ்பத்திரின்னு அலையுறதுதான் என் வேலை. பேச வாங்கன்னு இவங்க கூப்பிட்டப்போ சட்டத்தப் பத்தி பேசுவேன்னு நினைச்சிருப்பாங்க. அதையும் பேசுறேன், ஆனா முதல்ல வீட்டைப் பத்தி சொல்லிடுறேன், ஏன்னா என்கிட்ட வர்றவங்கள்ல பாதி பேர் திரும்ப அந்த ஆள்கிட்டயே போறது அவன் மேல பாசம் வந்துட்டதால இல்ல, ராத்திரி பிள்ளைங்கள எங்க படுக்க வைக்கிறதுன்னு தெரியாமதான்.

நம்ம பேச்சையே பாருங்க, புருஷனையும் வீட்டுக்காரர்ங்கிறோம், வீட்டு ஓனரையும் வீட்டுக்காரர்ங்கிறோம். ஒருத்தர் துரத்துவார், இன்னொருத்தர் உள்ள விட மாட்டார், ரெண்டுக்கும் நடுவுல தெருவுல நிக்கிறவளுக்கு நாம வச்சிருக்கிற பேரு வாழாவெட்டி.

தையல் வேலை பாக்குற ஒரு தங்கச்சி, ரெண்டு பிள்ளைங்க. ராத்திரியோட ராத்திரியா கிளம்பி வந்தா, கையில ஒரு கட்டைப்பை, அதுல பிள்ளைங்களோட யூனிஃபார்ம், ஒரு குக்கர். குக்கருக்கு வெயிட் இல்ல, அவசரத்துல அது அங்கயே அடுப்பு மேல நின்னுபோச்சு. அவளோட நான் வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம், அவனியாபுரம்னு வீடு தேடி நடந்தேன். ஒரு மாசத்துல பதினொரு வீடு. எல்லா இடத்துலயும் தண்ணி வருதான்னு நாங்க கேக்குறதுக்கு முன்னாடியே அவங்க கேக்குற கேள்வி ஒண்ணுதான், "வீட்டுக்காரர் எங்கம்மா வேலை பாக்குறார்?" முதல் நாலு வீட்டுல உண்மையச் சொன்னா. அதுக்கப்புறம் ப்ரோக்கரே "துபாய்ல இருக்காருன்னு சொல்லிரும்மா"ன்னு சொல்லிக் குடுத்தாரு. பன்னிரண்டாவது வீடு அந்தப் பொய்யில கிடைச்சது, வாடகை அஞ்சாயிரம், அட்வான்ஸ் அம்பதாயிரம். தாலிச் செயின அடகு வச்சுதான் குடுத்தா.

அம்பதாயிரம்ங்கிறது பத்து மாச வாடகை. தமிழ்நாட்டுல 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கலைன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆனா அந்த "வேற மாதிரி" வழியாத்தான் எல்லாரும் புகுந்து வர்றாங்க, வீடு வேணும்னு நிக்கிறவ எங்க பேரம் பேசுறது.

ரெண்டாவது மாசம் அவ புருஷன் வந்துட்டான். எப்படி கண்டுபிடிச்சான் தெரியுமா? அவளோட பேங்க் அக்கவுண்ட்ல பழைய போன் நம்பர் இருந்துச்சு, அவன் கையில இருக்குற நம்பர். ஏடிஎம்ல ஐநூறு ரூபா எடுத்தா எந்த இடத்து மெஷின்னு அவனுக்கு மெசேஜ் போகுது. ராத்திரி பதினொரு மணிக்கு கேட்ட உதைச்சு தெரு முழுக்க கேக்குற மாதிரி கத்தினான். காலையில ஓனர் வந்து "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிரும்மா, இது குடும்பம் இருக்குற இடம்"னாரு. அந்த ரெண்டு பிள்ளைங்களும் இவளும் என்னன்னு நினைச்சாரு, அதுவும் குடும்பம்தானே. அட்வான்ஸ்ல பெயிண்ட்டுக்குன்னு எட்டாயிரம் புடிச்சுக்கிட்டாரு, ரெண்டு மாசம் இருந்த வீட்டுக்கு.

அதனாலதான் சொல்றேன், வெளிய வர்றது ஒரு நாள் தைரியம், வந்த வீட்டுல தங்குறதுக்கு வருஷம் பூரா தைரியம் வேணும். நம்ம ஆளுங்க உதவி எல்லாம் அந்த ஒரு நாளோட முடிஞ்சு போகுது. பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணா எடுப்பாங்க, இருபத்து நாலு மணி நேரமும். சகின்னு ஒன் ஸ்டாப் சென்டர் இருக்கு, 2015ல ஆரம்பிச்ச திட்டம், அங்க போனா ஆஸ்பத்திரி, போலீஸ், வக்கீல் எல்லாம் ஒரே இடத்துல ஏற்பாடு பண்ணிக் குடுப்பாங்க, ஆனா தங்க வைக்கிறது அஞ்சு நாள். அதுக்கு மேலன்னா ஹோம், அதாவது பெண்கள் காப்பகம். பையன் கொஞ்சம் வளர்ந்தவனா இருந்தா பல ஹோம்ல சேர்க்க மாட்டாங்க, அம்மா ஒரு பக்கம் பையன் ஒரு பக்கம்னு பிரிக்கணும், அதுக்கு எந்த அம்மா சம்மதிப்பா?

சரி, சட்டத்துக்கு வர்றேன். குடும்ப வன்முறைச் சட்டம், 2005ல போட்டது, 2006 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்துச்சு. இதுல நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு இருக்கு. 17வது பிரிவு, சேர்ந்து குடியிருந்த வீட்டுல இருக்குற உரிமை பொண்ணுக்கு உண்டுங்குது. பட்டா யாரு பேர்ல இருந்தாலும் சரி, வாடகை வீடா இருந்தாலும் சரி. 2006 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு, மாமனார் மாமியார் பேர்ல இருக்குற வீட்டுல மருமகளுக்கு அந்த உரிமை கிடையாதுன்னு ஆக்கிடுச்சு, கிட்டத்தட்ட பதினாலு வருஷம் அத வச்சே எத்தனையோ பேர வெளிய தள்ளுனாங்க. 2020 அக்டோபர்ல சதீஷ் சந்தர் அஹுஜா வழக்குல மூணு ஜட்ஜ் உக்காந்து அது தப்புன்னு மாத்தி எழுதினாங்க. இன்னமும் பல வீட்டுல மாமனார் "வீடு என் பேர்ல இருக்கு, நட வெளிய"ங்கிறாரு, இந்தத் தீர்ப்பு அவங்க தெருவுக்கு இன்னும் வந்து சேரல.

19வது பிரிவு இன்னும் முக்கியம். அவள வெளிய அனுப்பாதன்னு கோர்ட் ஆர்டர் போடலாம், வீட்ட விக்காதன்னு போடலாம், வாடகை வீட்ட இவ தெருவுல நிக்கட்டும்னே காலி பண்ணுவான் பாருங்க, அதையும் பண்ணாதன்னு போடலாம். அவ வெளியதான் இருந்தாகணும்னா அதே தரத்துல வேற வீடு பாத்துக் குடு, இல்ல அதுக்கு வாடகைய நீ கட்டுன்னும் போடலாம். நீ வெளிய போன்னு அவனுக்கே சொல்லலாம். ஆமா, அவனுக்குத்தான். 2022 ஆகஸ்ட்ல மெட்ராஸ் ஹைகோர்ட் ஒரு வழக்குல, புருஷன வெளிய அனுப்புனாதான் வீட்டுல நிம்மதி வரும்னா தயங்காம அனுப்பணும்னு சொல்லி, வெளிய போகவும் வச்சுது. நான் இதச் சொன்னா பொண்ணுங்களே நம்ப மாட்டேங்குறாங்க, "அது எப்படிக்கா, ஆம்பளையப் போய்..."ன்னு இழுக்குறாங்க. ரேஷன் கார்டு, ஸ்கூல், பக்கத்து வீட்டு அக்கா, தையல் மெஷின் எல்லாம் ஒரு இடத்துல இருக்கும்போது அடி வாங்குனவ ஏன் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடணும்?

இதுக்கு காசு கட்ட வேண்டியதில்ல. மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க, அவங்க எழுதி கோர்ட்டுக்கு அனுப்பணும், அது அவங்க கடமை. வக்கீலும் இலவசம், சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல பொண்ணுங்கன்னா வருமானச் சான்றிதழே கேக்கக் கூடாது, 15100க்கு கூப்பிடலாம். தங்கி இருக்குற ஊர்லயே கேஸ் போடலாம், அவன் ஊருக்குப் போக வேணாம். அறுபது நாள்ல முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு, நான் பாத்த வரைக்கும் அது முடியல, ஆனா இடைக்கால ஆர்டர்னு ஒண்ணு சீக்கிரமே கேக்கலாம், வக்கீல்கிட்ட மறக்காம அத முதல்ல கேளுங்க.

தனியா வீடு எடுத்துட்டவங்களுக்கு நாலு விஷயம் சொல்லிடுறேன். அக்ரிமென்ட் உங்க பேர்ல இருக்கட்டும், அண்ணன் பேர்ல வேணாம், அண்ணனுக்கு மனசு மாறலாம். பேங்க்ல போன் நம்பர மாத்துங்க, முடிஞ்சா வேற பேங்க்ல புது அக்கவுண்ட். அவன் செட் பண்ணிக் குடுத்த போன்னா கூகுள் அக்கவுண்ட்ட கழட்டுங்க. பிள்ளைங்களுக்கு டிசி அவன் வாங்க விடலைன்னா பயப்படாதீங்க, எட்டாவது வரைக்கும் டிசி லேட்டாகுதுன்னு ஸ்கூல்ல சேர்க்காம இருக்கக் கூடாது, கல்விச் சட்டத்துலயே அது இருக்கு. கோர்ட்ல பாதுகாப்பு ஆர்டர் கேக்கும்போது புது வீட்டுப் பக்கமும், வேலை பாக்குற இடத்துப் பக்கமும், ஸ்கூல் பக்கமும் அவன் வரக் கூடாதுன்னு சேர்த்து எழுதச் சொல்லுங்க. அத மீறுனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், ஜாமீன உரிமையா கேக்க முடியாத குற்றம், ஸ்டேஷன்ல "புருஷன் பொண்டாட்டி சண்டை"ன்னு தள்ளி விட முடியாது.

வீடு வச்சிருக்கிறவங்களும் கேட்டுக்கிட்டு இருப்பீங்க, உங்ககிட்டதான் நான் முக்கியமா பேச வந்தேன். தேசிய குடும்ப நல ஆய்வு, 2019 முதல் 2021 வரைக்கும் எடுத்தது, தமிழ்நாட்டுல கல்யாணம் ஆன பொண்ணுங்கள்ல நூத்துக்கு 38 பேர் புருஷன்கிட்ட வன்முறைய அனுபவிச்சவங்கன்னு சொல்லுது. அப்போ உங்ககிட்ட வீடு கேட்டு வந்து நிக்கிறவ ஏதோ ஒரு அபூர்வமான ஆள் இல்ல, உங்க வீட்டுக்குள்ளயே ஒருத்தி இருக்கலாம், பொறுத்துக்கிட்டு.

அந்தத் தையல் தங்கச்சிக்கு அடுத்த வீடு அனுப்பானடிப் பக்கம் கிடைச்சது. வயசான ஒரு ஆச்சி, மாடியில ஒரு ரூம். வீட்டுக்காரர் எங்கன்னு அவங்க கேக்கல. "நல்ல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், பத்து குடத்துக்கு மேல புடிக்கக் கூடாது, சரியா"ன்னாங்க, அவ்ளோதான் கேள்வி. இவ இந்த தடவ பொய் சொல்ல மாட்டேன்னு எல்லாத்தையும் சொன்னா. ஆச்சி கேட்டுட்டு "கோர்ட்டு ஆர்டரு ஏதாச்சும் வச்சிருக்கியா, ஒரு ஜெராக்ஸ் குடு"ன்னு வாங்கி சாமி ஷெல்ஃப்ல குங்குமச் சிமிழுக்குக் கீழ வச்சாங்க. மூணு மாச வாடகைதான் அட்வான்ஸா வாங்குனாங்க, அதையும் மாசாமாசம் ஆயிரம் ஆயிரமா.

அவன் அங்கயும் வந்தான். ஆச்சி கேட்டுக்கு உள்ள நின்னுக்கிட்டு நூறுக்கு போன் போட்டாங்க, போலீஸ் வர்ற வரைக்கும் அந்தப் பேப்பர கையில புடிச்சுக்கிட்டு அவன்கிட்ட ஒரே வார்த்தையத்தான் திரும்பத் திரும்ப சொன்னாங்களாம், "இது என் வீடு, அவ என் வீட்டுல குடியிருக்கா." மறுநாள் காலி பண்ணச் சொல்லிருவாங்களோன்னு இவ துணிய எல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டு மாடிப் படியில உக்காந்திருந்தா. ஆச்சி மேல ஏறி வந்து "ஏன்டி, இன்னிக்கு தண்ணி வர்ற நாளு, குடத்த எடுத்துட்டு இறங்கலையா"ன்னு கேட்டாங்க.

மூணு வருஷமாச்சு, அங்கதான் இருக்கா. நன்றி, வணக்கம்.