எலக்ட்ரிக் அப்ரைட் பேஸுக்கு எந்த ஆம்ப், எந்த ஸ்பீக்கர்?

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு அல்சூரிலிருந்து பேசுகிறேன். எலக்ட்ரிக் அப்ரைட் பேஸ் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: ஆம்ப் எத்தனை வாட்ஸ் வேண்டும்? வாட்ஸைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் வாத்தியத்தைப் பாருங்கள். கழுத்து அப்படியே டபுள் பேஸ் (ஆள் உயர வயலின் மாதிரி நிறுத்தி வாசிக்கும் வாத்தியம்) கழுத்து. கம்பியின் நீளமும் பெரும்பாலும் அதேதான், ஏறக்குறைய 105 சென்டிமீட்டர். விரலால் மீட்டலாம், வில்லும் போடலாம். டபுள் பேஸில் இருக்கும் அந்தப் பெரிய மரக்கூடு மட்டும் கிடையாது. கூடு இல்லாததால் ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் திரும்ப வாத்தியத்துக்குள் புகுந்து ஊளையிடுவது) தொல்லை மிகவும் குறைவு. ட்ரம்ஸுக்குப் பக்கத்திலேயே நின்று தைரியமாகச் சத்தத்தை ஏற்றலாம். ஆனால் கூடு கொடுக்க வேண்டிய கனம், காற்று, மரத்தின் வாசனை எல்லாவற்றையும் இப்போது ஆம்பும் ஸ்பீக்கரும்தான் கொடுத்தாக வேண்டும். அதனால் ஆம்பை வாத்தியத்தின் பாதி என்றே நான் நினைக்கிறேன். பட்ஜெட்டையும் அப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். வாத்தியத்துக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, மிச்சத்துக்கு ஏதோ ஒரு பெட்டி வாங்குவது சரிப்படாது.

சரி, இன்புட்டுக்கு வருவோம். இந்த வாத்தியங்கள் பெரும்பாலானவற்றில் பிரிட்ஜுக்கு (கம்பிகளைத் தாங்கும் பாலம்) அடியில் இருப்பது பீசோ பிக்கப், அதாவது அதிர்வின் அழுத்தத்தை மின்சிக்னலாக்கும் சின்னத் துண்டு. பேஸ் கிட்டாரில் இருக்கும் காந்தப் பிக்கப்பும் இதுவும் வேறு வேறு ஜாதி. பீசோ, மின்கணக்குப்படி ஒரு சின்னக் கெபாசிட்டர். அதை எந்த இன்புட்டில் செருகுகிறோமோ, அந்த இன்புட்டின் இம்பிடென்ஸும் (மின்தடை மாதிரி, ஓம் கணக்கில் சொல்வது) இதுவும் சேர்ந்து ஒரு ஃபில்டராகிவிடுகின்றன. அந்த ஃபில்டர் வெட்டுவது நமக்கு வேண்டிய கீழ் ஸ்வரங்களையே.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பிக்கப்பின் கெபாசிட்டன்ஸ் ஒரு நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 1 மெகாஓம் இன்புட்டில் செருகினால் சுமார் 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயத் தொடங்கும். விரல் வைக்காமல் மீட்டும் நம் திறந்த கம்பிகள் நான்கும் அதற்குக் கீழேதான் இருக்கின்றன: ஈ 41, ஏ 55, டி 73, ஜி 98 ஹெர்ட்ஸ். அதே பிக்கப்பை 10 மெகாஓம் இன்புட்டில் போட்டால் எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், நாலு கம்பியும் முழுசாக வரும். மிக்ஸரின் சாதாரண லைன் இன்புட் 10 கிலோஓம் அளவில் இருக்கும். அதில் நேரடியாகச் செருகினால் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். "இந்த வாத்தியத்தில் பேஸே இல்லை" என்று பழி சொல்கிறவர்களில் பாதிப் பேர் வாத்தியத்தைச் சரியான இன்புட்டில் கேட்டதே இல்லை.

அதனால் முதலில் உங்கள் வாத்தியத்தில் பேட்டரி போடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளேயே ப்ரீஆம்ப் (ஆம்புக்கு முன்னால் சிக்னலைத் தயார்செய்யும் சர்க்யூட்) இருக்கிறது, சாதாரண பேஸ் ஆம்ப் இன்புட்டே போதும். இல்லையென்றால் 10 மெகாஓம் இன்புட் உள்ள ப்ரீஆம்பையோ டிஐ பெட்டியையோ (வாத்தியத்தை நேராக மிக்ஸருக்கு அனுப்ப உதவும் சின்னப் பெட்டி) முதலில் வாங்குங்கள், ஆம்ப் அதற்கு அப்புறம். இது என் அழுத்தமான அபிப்பிராயம்.

இப்போது ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றி வைத்திருக்கிறேன். கேமராவைக் கோனுக்கு அருகில் கொண்டுவருகிறேன். நான் எந்த ஸ்வரமும் வாசிக்கவில்லை, உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்து எடுக்கிறேன், அவ்வளவுதான். கோன் எப்படி முன்னும் பின்னும் குதிக்கிறது, பார்த்தீர்களா? சத்தம் ஏதாவது கேட்டதா? ஒன்றும் இல்லை. காதுக்கு எட்டாத அலைவு அது. கை பட்டாலும், வில் கம்பியில் இறங்கினாலும், கால் மேடையைத் தட்டினாலும் பீசோ அதையெல்லாம் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆம்பின் சக்தியில் ஒரு பங்கு இதற்கே செலவாகிறது. இப்போது மிகக் கீழான அலைவுகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரைப் போட்டு 35 ஹெர்ட்ஸில் வைக்கிறேன். அதே மாதிரி கையை வைக்கிறேன். கோன் அடங்கிவிட்டது. ஈ கம்பியை மீட்டுகிறேன். ஸ்வரம் குறைந்ததா? எனக்கு இன்னும் தெளிவாகவே கேட்கிறது. ஆம்பிலோ ப்ரீஆம்பிலோ இந்த ஃபில்டர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கூடவே ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் ஸ்விட்ச் இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்பீக்கர் விஷயம். பேஸ் கிட்டாருக்கென்று செய்த பல கேபினெட்கள் தங்களுக்கென்று ஒரு குரலைச் சேர்க்கும்: நடுவில் ஒரு முறுக்கு, கீழே ஒரு வீக்கம். பேஸ் கிட்டாருக்கு அது அழகு. நம் வாத்தியத்துக்கு, அதுவும் வில் போடுகிறவர்களுக்கு, கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும் ஸ்பீக்கர்தான் பொருந்தும். அக்கூஸ்டிக் இமேஜ், ஃபில் ஜோன்ஸ் போன்ற கம்பெனிகளின் பெட்டிகளை அப்ரைட் வாசிப்பவர்கள் தேடிப்போவது இதனால்தான். ஃபில் ஜோன்ஸ் பெட்டிகளில் 5 அங்குல ஸ்பீக்கர்களையே வரிசையாக அடுக்கியிருப்பார்கள். இன்னொரு பக்கம், ஆம்பெக் கம்பெனி 1960-ல் கொண்டுவந்த பி-15-இல் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றே ஒன்றுதான்; அதுவும் டபுள் பேஸ்காரர்கள் விரும்பி வாசித்த ஆம்ப்தான். அதனால் அங்குலத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. கோனின் மொத்தப் பரப்பைப் பாருங்கள்: இரண்டு 8 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு 12 அங்குலத்துக்குச் சமம்.

ஒலிப் பொறியாளர்கள் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்றைச் சொல்வார்கள். பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், கீழ் ஸ்வரம் இறங்க வேண்டும், குறைந்த வாட்ஸில் சத்தம் கொட்ட வேண்டும். இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். மாடிப்படி ஏறி, ஆட்டோ பிடித்து, சில்க் போர்டு ட்ராஃபிக்கைக் கடந்து போகிற நமக்குச் சின்னப் பெட்டியைத் தவிர வழியில்லை. அதனால் மூன்றாவதை விட்டுக்கொடுங்கள். கிளாஸ்-டி என்ற வகையைச் சேர்ந்த இப்போதைய ஆம்ப்கள் எடை குறைவு. வாட்ஸ் கூடினாலும் தோள் வலிக்காது.

ட்வீட்டர் (மேல் ஸ்வரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) இருந்தால் அதைக் குறைக்கத் திருகு வேண்டும். விரலில் மீட்டும்போது இனிக்கும் ட்வீட்டர், வில் போட்டால் கீச்சென்று காதைக் குத்தும்.

இனி வாட்ஸ். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். 99 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கரில் 100 வாட்ஸ் செய்கிற வேலைக்கு, 93 டெசிபல் ஸ்பீக்கரில் 400 வாட்ஸ் வேண்டும். ஆகவே வாட்ஸை ஸ்பீக்கரோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வயலின், மிருதங்கத்தோடு ஃப்யூஷன் வாசிப்பதற்கு 200, 300 வாட்ஸ் தாராளம். மிருதங்கத்தின் தொப்பியில் (இடது பக்கத் தோலில்) எழும் கும்கி ஒலியும் நம் ஏ கம்பியும் முட்டிக்கொள்ளும் இடத்தில் சத்தத்தை ஏற்றாதீர்கள், ஈக்வலைசரில் கொஞ்சம் வழிவிடுங்கள். ட்ரம்ஸோடு என்றால் இன்னும் வாட்ஸ் கையிருப்பு நல்லது. ஆனால் பப் மேடைகளில் எப்படியும் டிஐ வழியாகப் பெரிய ஸ்பீக்கருக்குப் போய்விடும். உங்கள் ஆம்ப் உங்களுக்குக் கேட்டால் போதும். அதை ஒரு ஸ்டாண்டிலோ நாற்காலியிலோ காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

வீட்டில் வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. பெங்களூரு வாடகை வீடுகளில் 10-க்கு 14 அடி ஹால் சர்வசாதாரணம். 14 அடி நீளத்தில் எதிரொலித்து வீங்கும் ஸ்வரம் சுமார் 40 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்தில் சுமார் 56. அதாவது நம் ஈ, ஏ கம்பிகள் இரண்டுமே! இந்த ஹாலில் எந்த ஆம்பைக் கொண்டுவந்து வைத்தாலும் அந்த இரண்டு கம்பிகளும் குமுறும். ஆம்பைக் குறை சொல்லாமல் முதலில் மூலையிலிருந்து வெளியே இழுங்கள். கீழ்வீட்டுக்காரர்களுக்கும் அது நிம்மதி.

அப்புறம் ஹம், அதாவது மின்சாரத்திலிருந்து கலக்கும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் வரும் ஜி ஸ்வரம் 49. அந்த ஜியை மெதுவாக மீட்டி நீளமாக விடுங்கள். விநாடிக்கு ஒரு தடவை சத்தம் ஏறி இறங்கினால் லைனில் ஹம் கலந்திருக்கிறது. பழைய வீடுகளில் மூணு பின் ப்ளக் இருக்கும், எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதியுங்கள். எர்த் பின்னை ஒடித்துவிட்டு வாசிக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து. கரண்ட் போய் சதுர அலை இன்வர்ட்டரில் ஓடினாலும் இரைச்சல் வரும். வெளிநாட்டிலிருந்து நண்பர் கொண்டுவரும் ஆம்ப் என்றால் 230 வோல்ட்டில் ஓடுமா என்று பின்பக்கத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் வாத்தியம், உங்கள் கேபிள், வில் மூன்றையும் எடுத்துப் போங்கள். "அண்ணா, கொஞ்ச நேரம் வாசிச்சுப் பார்த்துக்கறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். ஈக்வலைசர் திருகுகள் எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். திறந்த ஈயிலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக மேலே ஏறுங்கள். ஏதாவது ஒரு ஸ்வரம் மட்டும் எகிறினாலோ காணாமல் போனாலோ, பெட்டியை வேறு இடத்துக்கு நகர்த்தி மறுபடி வாசியுங்கள். நகர்த்தியும் அதே ஸ்வரம் தொந்தரவு கொடுத்தால் வேறு பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.