கொத்தமல்லிக்கு உரிய பட்டம்

பெரியோர்களே, மாடித்தோட்டம் வைத்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கொத்தமல்லியைத் தொட்டியில் விதைத்தவர்கள் பெரும்பாலும் கேட்பது, என்ன உரம் இட்டால் தழை செழிக்கும் என்பதுதான். எப்போது விதைத்தீர்கள் என்று கேட்டால், பங்குனி என்றோ சித்திரை என்றோ பதில் வருகிறது. காரியம் அங்கேயே கெட்டுவிடுகிறது. பகல் நீண்டு வெப்பம் ஏறும்போது, இந்தச் செடி தழை விடுவதைக் குறைத்துக்கொண்டு பூந்தண்டை நீட்டத் தொடங்கும், அகன்றிருந்த இலை நூலாக மெலியும், மணமும் மாறிவிடும். இது நோயன்று, சத்துக் குறைவும் அன்று. ஆகவே எந்த உரமும் இதைத் திருப்பிவிடாது.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன நம் முன்னோர், மல்லிக்கு வேறு பட்டத்தையும், அதாவது விதைக்கும் பருவத்தையும், அறிந்திருந்தார்கள். விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் காட்டில், வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் மானாவாரியாக விதைத்து, மார்கழிப் பனியில் வளரவிட்டுத்தான் மல்லியை அறுவடை செய்கிறார்கள். அவர்கள் விதைப்பது தனியாவுக்காக. நாம் விதைப்பது தழைக்காக. ஆனாலும் செடி விரும்பும் குளிர்ச்சி ஒன்றுதான். சமவெளியில் வீட்டுத்தொட்டிக்கு ஐப்பசிக் கடைசி முதல் தை வரை ஏற்ற காலம் என்பது என் உறுதியான கருத்து.

விதையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் விதை என்று அழைக்கும் முழு மல்லி, உண்மையில் இரண்டு விதைகளை உள்ளடக்கிய ஒரு காய். பலகையில் பரப்பிச் சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டினால் அது இரண்டாகப் பிளக்கும். நொறுங்கும் அளவுக்கு அழுத்தக் கூடாது. பிளந்ததை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, வடித்து, அரை அங்குல ஆழத்துக்குள் விதைக்க வேண்டும். முளை தெரிய 8 முதல் 15 நாள் வரை ஆகலாம் என்பதால், அதற்குள் பொறுமையிழந்து மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டாம். மளிகைக் கடை மல்லியும் முளைக்கும், ஆனால் அது பழைய சரக்காக இருக்கக் கூடாது. கோ 2 போன்ற கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக ரகங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது.

மல்லிக்கு ஆணிவேர் உண்டு. நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் அது தாங்காது. எனவே 8 அங்குல ஆழமுள்ள தொட்டியில், மட்கிய தொழுவுரம் கலந்த பொலபொலப்பான மண்ணில், நேரடியாகவே விதைத்துவிடுங்கள். கார்த்திகை மழை விதையை அடித்துச் சென்றுவிடும், தேங்கினால் இளஞ்செடி அழுகும். அதனால் தொட்டியைச் சன்ஷேடின் கீழ், காலை வெயில் படும் இடத்தில் வைப்பது நல்லது. மாடித்தளத்தின் சூடு வேரைத் தாக்காதபடி இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைக்கலாம்.

ஏறத்தாழ 35 முதல் 45 நாளில் தழை பறிக்கலாம். வேரோடு பிடுங்காமல் வெளி இலைகளை மட்டும் கிள்ளினால், நடுக்குருத்து மீண்டும் தழைக்கும். ஒரே நாளில் எல்லாத் தொட்டியிலும் விதைப்பதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டியாக விதைத்து வருவதே சமையலறைக்குப் பயன்படும்.

சித்திரை, வைகாசியில் அந்தத் தொட்டிகளைத் தண்டுக்கீரைக்கும் கொடிப்பசலைக்கும் கொடுத்துவிடுங்கள். அந்த மாதங்களில், சூளகிரி, ஓசூர்ப் பக்கத்து மேட்டு நிலத்தில் விளையும் மல்லித்தழையைக் கடையில் வாங்கிக்கொள்வதே முறை.