சக்கர நாற்காலியும் ஏழு டை-பிரேக்கரும்

எல்லோருக்கும் வணக்கம். ராக்கெட் பையை முதுகில் மாட்டியபடி மைதானத்திலிருந்து நேராக இங்கே வந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். உங்களுக்காகத்தான் இன்று பேசப்போகிறேன். பெற்றோர்களும் கொஞ்சம் காது கொடுங்கள்.

2022 ஜனவரி, மெல்பர்ன். ஆஸ்திரேலிய ஓப்பனின் ஜூனியர் ஆண்கள் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் அமெரிக்காவின் புரூனோ குசுஹாரா. இன்னொரு பக்கம் செக் நாட்டைச் சேர்ந்த 16 வயதுப் பையன், யாகுப் மென்ஷிக். முதல் செட் 7-6 என்று குசுஹாராவுக்குப் போனது. இரண்டாவதை அதே கணக்கில் மென்ஷிக் எடுத்தார். மூன்றாவதை 7-5 என்று குசுஹாரா எடுத்துக் கோப்பையை வென்றார். மொத்தம் மூன்றே முக்கால் மணி நேரம். கடைசியில் இரண்டு பேருக்குமே தசைப்பிடிப்பு. கடைசிப் பாயிண்ட் முடிந்ததும் மென்ஷிக் தரையில் விழுந்தார். எழுந்து நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் வைத்துத்தான் மைதானத்தைவிட்டு அழைத்துப் போனார்கள்.

அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். அந்த வயதில் ஒரு பிள்ளை தன் உடம்பில் மிச்சம் எதுவும் இல்லாமல் போகும்வரை ஆடியதைப் பார்க்கும்போது பெருமையும் வருகிறது, பயமும் வருகிறது. அந்த நாற்காலியிலிருந்து மூன்றே ஆண்டுகளில், அதாவது 2025 மார்ச் மாதம், அதே பையன் மயாமி ஓப்பன் இறுதி ஆட்டத்தில் நோவாக் ஜோகோவிச்சை நேர் செட்களில் வென்றார். 7-6, 7-6. இந்த இரண்டு நாட்களும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நடுவில் இருக்கிற மூன்று ஆண்டுகள்தான் முக்கியம்.

முதலில் ஊர். மென்ஷிக் பிறந்தது 2005 செப்டம்பர் 1, மொராவியா பகுதியில் இருக்கும் ப்ரொஸ்தெயோவ் என்ற ஊரில். ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. ஆனால் டென்னிஸ்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் கண்கள் விரியும். விம்பிள்டன் இறுதி ஆட்டம்வரை போன தோமாஷ் பெர்டிச் அங்கே பயிற்சி எடுத்தார். விம்பிள்டனை இரண்டு முறை வென்ற பெட்ரா கிவிடோவாவும் அங்கேதான். ஒரே வளாகத்தில் உலகத் தரத்தில் ஆடுகிற அண்ணன்களையும் அக்காக்களையும் பார்த்துக்கொண்டே ஒரு சிறுவன் வளர்கிறான். அவனுக்குத் தொழில்முறை டென்னிஸ் என்பது டிவியில் வருகிற விஷயம் அல்ல, பக்கத்துக் கோர்ட்டில் நடக்கிற விஷயம்.

செக் நாட்டின் மக்கள்தொகை ஒரு கோடிக்குச் சற்றே மேல். அவ்வளவுதான். அந்த மண்ணிலிருந்துதான் யான் கோடெஷ் வந்தார், 1973 விம்பிள்டன் சாம்பியன். டென்னிஸ் ஜாம்பவான்களான மார்ட்டினா நவரத்திலோவாவும் இவான் லெண்டிலும் அங்கே பிறந்தவர்கள். பிற்பாடு இருவரும் அமெரிக்காவுக்குப் போனார்கள், அது வேறு கதை. 1998-ல் யானா நோவோட்னா விம்பிள்டனை வென்றார். 2023-ல் மார்கெட்டா வொண்ட்ருசோவா, 2024-ல் பார்போரா கிரெஜ்சிகோவா என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு விம்பிள்டன் சாம்பியன்கள்! இதன் ரகசியத்தை என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: கிளப். சின்ன ஊரில்கூடச் செம்மண் கோர்ட் இருக்கும். குளிர்காலம் வந்தால் அதன் மேல் பலூன் மாதிரி ஊதிய கூடாரத்தைப் போட்டு உள்ளே ஆடுவார்கள். கிளப்புகளுக்கு இடையே லீக் நடக்கும். பிள்ளைகள் தனக்காக மட்டும் ஆடாமல் ஊருக்காகவும் ஆடிப் பழகுகிறார்கள்.

சரி, ஏணிக்கு வருவோம். பெற்றோர்கள் இதை நன்றாகக் கேட்க வேண்டும். ஜூனியர் பட்டத்துக்கும் தொழில்முறை டென்னிஸுக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. முதலில் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்தும் ஐடிஎஃப் போட்டிகள். அதற்கு மேல் சேலஞ்சர். அதற்கும் மேல்தான் ஆண்களுக்கான முதன்மைத் தொழில்முறைப் போட்டிகளான ஏடிபி சுற்று. அதற்குள்ளும், வெல்பவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளிக் கணக்கில், 250, 500, 1000 என்று படிகள். எல்லாவற்றுக்கும் மேலே கிராண்ட்ஸ்லாம் என்ற நான்கு பெரிய போட்டிகள், வென்றால் 2000 புள்ளிகள். கீழ்ப்படியில் ஒரு வாரம் முழுக்க ஆடிக் கோப்பையே வென்றாலும் 15 அல்லது 25 புள்ளிகள்தான் கிடைக்கும். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சம்பாதித்த புள்ளி 52 வாரம்தான் உங்களிடம் இருக்கும். அடுத்த ஆண்டு அதே வாரம் வந்ததும் அது கழிந்துவிடும். ஏறிய படியிலேயே திரும்பத் திரும்ப ஏறினால்தான் இருக்கிற இடத்திலாவது நிற்க முடியும்.

இதை நம் சென்னையே பார்த்திருக்கிறது. 2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் பெண்களுக்கான சென்னை ஓப்பன் நடந்தது. இறுதி ஆட்டத்தன்று நான் அரங்கில் இருந்தேன். அன்று கோப்பையை வென்றவரும் ஒரு செக் பெண்தான், லிண்டா ஃபுருவிர்டோவா. வயது 17. எதிரில் போலந்தின் மக்டா லினெட், அனுபவசாலி. முதல் செட் லிண்டாவுக்குப் போகவில்லை. மூன்றாவது செட்டில் 1-4 என்று பின்தங்கியிருந்தார். என் பக்கத்தில் இருந்தவர் கிளம்பத் தயாரானார். அப்புறம் வரிசையாக ஐந்து கேம்! 6-4 என்று முடித்தபோது கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. அந்த வாரத்தோடு லிண்டா உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் நுழைந்தார். அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் நான்காவது சுற்று, அந்த ஆண்டே முதல் ஐம்பதுக்குள் இடம்.

ஆனால் 2023-ல் சென்னையில் அந்தப் போட்டி நடக்கவில்லை. சென்னையில் வென்ற 280 புள்ளிகளும் கழிந்துவிட்டன. அவற்றைத் தற்காத்துக்கொள்ள அவருக்கு அதே கோர்ட்டில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை. பிறகு அவர் முதல் நூறுக்கு வெளியே போய்விட்டார். திறமை ஓராண்டில் எங்கும் போய்விடாது. ஏணியின் அமைப்பே அப்படி. லிண்டாவும் மென்ஷிக்கும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். இருவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தத் தொழில் என்னவென்று புரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது மென்ஷிக்கிடம் திரும்பி வருகிறேன். அவருடைய வளர்ச்சியை டை-பிரேக்கர்களை வைத்தே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். ஒரு செட் 6-6 கேம் என்று நின்றால், யார் முதலில் ஏழு புள்ளி எடுக்கிறாரோ அவருக்கு செட். குறைந்தது இரண்டு புள்ளி வித்தியாசம் மட்டும் இருக்க வேண்டும். ஒரு மணி நேர உழைப்பு ஐந்தாறு நிமிடத்தில் தீர்ந்துபோகும். அங்கே உங்களைக் காப்பாற்றுவது சர்வ். மென்ஷிக் 1.93 மீட்டர் உயரம். பந்தை மேலே தூக்கிப்போட்டு அந்த உயரத்திலிருந்து இறக்கும்போது எதிராளிக்கு யோசிக்க நேரமே இருக்காது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் கை நடுங்கினால் உயரத்தால் என்ன பயன்?

மெல்பர்ன் ஜூனியர் இறுதியில் இரண்டு டை-பிரேக்கர். ஒன்று போனது, ஒன்று வந்தது. அந்த ஆட்டக்காரரை ஜோகோவிச் கவனித்திருக்கிறார். பெல்கிரேடுக்கு அழைத்துத் தன்னோடு பயிற்சி செய்ய வைத்தார். 24 கிராண்ட்ஸ்லாம் வென்ற ஒருவர், நாளை தன்னையே வீழ்த்தக்கூடிய பையனுக்குத் தன் கோர்ட்டைத் திறந்துவிட்டார். இந்தப் பெரிய மனதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன்.

2023-ல் பிராகில் நடந்த சேலஞ்சர் போட்டியை 17 வயதில் வென்றார். அந்த ஆண்டு அமெரிக்க ஓப்பனில் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம், பிரதான சுற்றில் இரண்டு ஆட்டம் வென்று மூன்றாவது சுற்றுக்கு வந்தார். அங்கே டெய்லர் ஃபிரிட்ஸ் எதிரில் வந்தார். 6-1, 6-2, 6-0. மென்ஷிக்குக்கு 18 வயது நிறைந்த அதே வாரம். பெரியவர்களின் டென்னிஸ் எப்படி இருக்கும் என்பதை ஒரே ஆட்டத்தில் காட்டிவிட்டார் ஃபிரிட்ஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரி, தோஹா. ஆண்டி முர்ரேவுக்கு எதிராக மூன்று செட்டும் டை-பிரேக்கர். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆட்டம். இரண்டு ஆண்டுக்கு முன் தசைப்பிடிப்பில் விழுந்தவர், இப்போது கடைசி டை-பிரேக்கரையும் வென்று நின்றார். மறுநாள் போட்டியின் முதல்நிலை வீரர் ரூப்லெவையும் வீழ்த்தி, இறுதி ஆட்டத்துக்கே போய்விட்டார். அங்கே கச்சனோவிடம் தோல்வி. முதல் செட்டின் டை-பிரேக்கர் 14-12 வரை போனது. அந்த இரண்டு புள்ளிக்காக அவர் எத்தனை இரவு விழித்திருப்பாரோ. ஆனாலும் அந்த வாரம்தான் அவரை முதல் நூறுக்குள் கொண்டுவந்தது.

அக்டோபரில் ஷாங்காய். காலிறுதியில் ஜோகோவிச். முதல் செட்டை டை-பிரேக்கரில் மென்ஷிக் எடுத்தார். அடுத்த இரண்டு செட்டில் ஜோகோவிச் பாடம் நடத்தினார். பிறகு 2025 ஜனவரி, மறுபடியும் மெல்பர்ன். உலகின் ஆறாம் நிலை வீரர் காஸ்பர் ரூடை வென்றார். அடுத்த சுற்றில் டேவிடோவிச் ஃபோகினாவுக்கு எதிராக முதல் இரண்டு செட்டும் கையில். மூன்றாவது செட் டை-பிரேக்கர். அதைத் தோற்றார். அதோடு ஆட்டமும் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து மயாமி. தரவரிசையில் 54-ஆம் இடம். முழங்காலில் வலி. முதல் ஆட்டத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்புவரை, விலகிவிடுவது என்ற முடிவில் இருந்தார். விலகல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுவரைத் தேடிப் போனார். நடுவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். சரி என்று பிசியோதெரபிஸ்டிடம் போனார். அந்த மனிதர் முழங்காலைப் பார்த்தார், கைவைத்தியம் செய்தார், ஆடலாம் என்று தைரியம் சொன்னார். கோப்பையைக் கையில் வாங்கிய மேடையிலேயே மென்ஷிக் இந்தக் கதையைச் சொல்லி அந்தப் பிசியோவுக்கு நன்றி சொன்னார்.

இதை எல்லோரும் அதிர்ஷ்டம் என்று எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரம் அவருக்கு ஒரு மணி நேரத்தைத்தான் கொடுத்தது. அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். அப்போதுதான் இண்டியன் வெல்ஸ் பட்டம் வென்று வந்திருந்த ஜாக் டிரேப்பரை இரண்டு டை-பிரேக்கரில் தோற்கடித்தார். காலிறுதியில் ஆர்த்தர் ஃபிஸ், அதிலும் ஒன்று. அரையிறுதியில் யார் தெரியுமா? அதே ஃபிரிட்ஸ். 7-6, 4-6, 7-6. எதிராளி தொடவே முடியாத சர்வை ஏஸ் என்பார்கள், மென்ஷிக் அடித்த ஏஸ் 25. ஒன்றரை ஆண்டுக்கு முன் மூன்று செட்டிலும் சேர்த்து மூன்றே கேம் விட்டுக்கொடுத்த அதே ஃபிரிட்ஸ்!

இறுதி ஆட்டம் மழையால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது. ஜோகோவிச்சுக்கு அது நூறாவது பட்டத்துக்கான ஆட்டம். வயது 37. மென்ஷிக்குக்கு 19. ஜோகோவிச்சின் கண் வீங்கிச் சிவந்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மென்ஷிக் ஆரம்பத்திலேயே ஜோகோவிச் சர்வ் செய்த கேமைப் பறித்து முன்னே போனார். ஜோகோவிச் விடாமல் பிடித்துவிட்டார். டை-பிரேக்கர், 7-4. இரண்டாவது செட்டும் டை-பிரேக்கர், மறுபடி 7-4. மென்ஷிக் அப்படியே முதுகு தரையில் பட விழுந்தார். போட்டி முழுக்க ஏழு டை-பிரேக்கர் ஆடி ஏழையும் வென்றிருந்தார். அவருடைய முதல் ஏடிபி பட்டமே மாஸ்டர்ஸ் 1000 பட்டம். 54-ஆம் இடத்திலிருந்து 24-ஆம் இடம். நான் டென்னிஸ் தொடங்கியதே உங்களால்தான் என்று மேடையில் ஜோகோவிச்சைப் பார்த்துச் சொன்னார். தோற்றவரும் மனம் திறந்து பாராட்டினார்.

கதையை இங்கேயே முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளிடம் அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மயாமிக்கு இரண்டு மாதம் கழித்து பாரிஸ். ரோலாங் காரோஸ், அதாவது பிரெஞ்சு ஓப்பன், இரண்டாவது சுற்று. எதிரில் போர்ச்சுகலின் ஹென்ரிக் ரோஷா, தகுதிச் சுற்றில் ஆடி வந்தவர். மென்ஷிக் 6-2, 6-1 என்று பறந்தார். பிறகு 4-6, 3-6, 3-6. தோல்வி. மெல்பர்னில் நடந்தது பாரிஸிலும் நடந்தது. இரண்டு செட் முன்னிலை, பிறகு சரிவு. பாரிஸில் கடைசி மூன்று செட்டும் 6-6 வரை போகவேயில்லை. டை-பிரேக்கர் வந்தால்தானே வெல்ல முடியும்?

மூன்று செட் ஆட்டத்தில் இன்றைக்கு அவரை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்து செட் ஆட்டம் வேறு. நான்காவது மணி நேரத்தில் அந்த உயரமான உடம்பைக் கால்கள் எப்படித் தாங்குகின்றன என்பதுதான் கேள்வி. 16 வயதில் மெல்பர்னில் அவரைக் கீழே தள்ளிய அதே கேள்வி. அடுத்த கிராண்ட்ஸ்லாமில் அவர் ஐந்தாவது செட்டுக்குப் போனால், எல்லோரும் அவருடைய சர்வைப் பார்ப்பார்கள். நான் கெண்டைக்கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.