கரையான் வாசித்த புத்தகங்கள்

(பென்னாகரம் பக்கம் நடந்த ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். என்னை அறிமுகப்படுத்திய தம்பி, நூலகர் என்றும் கணினி ஆசிரியர் என்றும் சொன்னார். இரண்டுமே என் பதவி இல்லை. நான் கணக்கு வாத்தியார். எங்கள் பள்ளியில் நூலகருக்கென்று பணியிடமே கிடையாது. புதிதாக வந்து சேர்ந்தவன் தலையில் நூலகத்தைக் கட்டிவிடுவார்கள். அப்படித்தான் என் தலைக்கு வந்தது. சில வருஷம் கழித்துக் கணினிகள் வந்து இறங்கின. "அந்தச் சாவியையும் நீங்களே வச்சுக்கங்க சார், உங்களுக்குத்தான் பழக்கம்" என்றார்கள். பூட்டி வைப்பதில் எனக்குப் பழக்கம் என்று அதற்கு அர்த்தம்.

தப்பில்லை, உண்மைதான். முதல் மூன்று வருஷம் அந்தப் புத்தக பீரோவை நான் திறக்கவே இல்லை. எனக்கு முன்னால் பொறுப்பில் இருந்தவர் மாறுதலில் போனபோது இருப்புப் பதிவேட்டை வைத்து எண்ணினார்கள். குறைந்த புத்தகங்களுக்குக் கைக்காசைக் கட்டிவிட்டுத்தான் அவர் விடுவிப்பு ஆணையை வாங்கினார். அதைப் பார்த்தவன் பீரோவைத் திறப்பானா? கண்ணாடிக் கதவு வைத்த பீரோ அது. பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, புத்தக முதுகில் இருக்கும் பெயர்களைப் படிப்பார்கள். எங்கள் பள்ளியில் நூலக வாசிப்பு என்றால் அதுதான்.

நாலாவது வருஷம் சுண்ணாம்பு அடிக்க பீரோவை நகர்த்தினோம். கீழ் இரண்டு தட்டும் பொலபொலவென்று மண்ணாக உதிர்ந்தன. நான் பூட்டி வைத்ததையெல்லாம் கரையான் நிதானமாக வாசித்து முடித்திருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், கரையான் அரித்ததற்கு எனக்கு ஒரு பைசா செலவில்லை. "பயன்படுத்த இயலாதவை" என்று பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கி, கழித்துவிட்டோம். அதே புத்தகத்தை ஒரு ஏழாம் வகுப்புப் பையன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொலைத்திருந்தால் நான் பணம் கட்டியிருக்க வேண்டும். கரையானுக்கு இருந்த சலுகை பிள்ளைக்கு இல்லை.

அன்றைக்கு ராத்திரிதான் எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றித் தேடிப் படித்தேன். சீர்காழிக்காரர். அவரும் கணக்கு வாத்தியார்தான் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, மாணவர்கள் இல்லாத தனிமை தாங்காமல், பழைய வேலைக்கே போகிறேன் என்று கேட்டிருக்கிறார். லண்டன் போய்ப் பயிற்சி முடித்து வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு உருவம் வருகிறது. புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் அவருடைய கோலன் பகுப்புமுறை அதிலிருந்துதான் பிறந்தது. திரும்பி வந்தவர் கணக்குப் பக்கம் போகவே இல்லை.

1931-ல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை எழுதினார். நாலு விதியை விட்டுவிடுகிறேன். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. இது ஒரு விதியா, யாருக்குத்தான் தெரியாது என்று தோன்றும். அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்த கதையைச் சொல்கிறார். எனக்குச் சுருக்கென்றது. என் இடுப்பிலும் ஒரு சாவி தொங்கிக்கொண்டிருந்ததே!

பயம் மட்டும் உடனே போய்விடுமா? இன்னொன்றும் கண்ணில் பட்டது. மத்திய அரசின் பொது நிதி விதிகளில், ஒரு வருஷத்தில் படிக்கக் கொடுக்கும் 1000 புத்தகத்துக்கு 5 தொலைந்தால் அது நியாயமான இழப்பு என்றே எழுதியிருக்கிறது. அஜாக்கிரதையோ நாணயக்குறைவோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி, நம் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பிரதி எடுத்துத் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, "திறங்க, பாத்துக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவரை இன்றும் நினைக்கிறேன்.

திறந்த பிறகு புத்தகங்கள் ஏரியூர்ப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போயின. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன அப்பா அம்மாவின் பிள்ளைகள் எங்களிடம் நிறைய. வீட்டில் பாட்டிதான். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, பேரன் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, எங்கள் தருமபுரி மாவட்டம் 68.54, மாநிலத்திலேயே கடைசி. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்தக் கணக்கை எங்கள் மேல் எறிவார்கள். களி கிண்டிக்கொண்டே கதையைக் கேட்டுவிட்டு, "அப்பறம் அந்தப் புள்ள என்னடா ஆச்சு?" என்று மறுநாளும் விடாமல் கேட்ட பாட்டி அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கணினி அறைக்கு வருகிறேன். அங்கேயும் என் புத்தி அதேதான். உறை போட்டு மூடியாச்சு, செருப்பை வெளியே விடு, தொடாதே. உறையை எடுத்த நாளில் முதலில் சொல்லிக்கொடுத்தது, கணினியில் தமிழை அடிப்பதற்கான தமிழ்99 விசைப்பலகை. பாப்பாரப்பட்டிப் பிள்ளை ஒருத்தி ஊர்ப் பெயரை அடித்தாள். ப, ஆ, ப, ப, ஆ, ர, ப, ப, ட, ட, இ. மொத்தம் 11 தட்டு. புள்ளி விசையை அவள் தொடவே இல்லை. ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழுந்துவிடும். "புள்ளி வைக்கத் தெரிஞ்ச மிஷினா சார்?" என்று கேட்டாள். ஒற்றுப்பிழைக்காக நான் வாங்கிய அடியெல்லாம் ஞாபகம் வந்தது.

பிறகுதான் தமிழ் விக்கிப்பீடியா. 2003-லிருந்து இருக்கிறது, யாரும் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், தன் ஊர் வயல்காட்டில் நிற்கும் நடுகல்லைப் பற்றி எழுதினான். நம் மாவட்டத்தில் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை என்று உங்களுக்குத் தெரியும். "எங்க தாத்தா சொன்னாரு" என்பதுதான் அவன் ஆதாரம். இரண்டு நாளில், சான்று இல்லை என்று யாரோ நீக்கிவிட்டார்கள். பையன் அழாத குறை. "தாத்தா பொய் சொல்வாரா சார்?"

என்ன பதில் சொல்வது? தாத்தா பொய் சொல்லவில்லை, ஆனால் தாத்தாவைத் தெரியாதவன் எப்படி நம்புவான் என்றேன். மாவட்ட மைய நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். தருமபுரிக் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறை தொகுத்து வெளியிட்ட நூலை எடுத்துக் கொடுத்தார்கள். அதில் திரும்பத் திரும்ப "தொறு" என்று வருகிறது. ஆநிரையாம். மாடு கவர்ந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்குக் கல். கல்லில் இருப்பது வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து, அதை எங்களால் படிக்க முடியாது. அச்சில் இருந்த வாசகத்தை எழுதிக்கொண்டு வயலுக்குப் போய், கல்லில் இருக்கும் உருவத்தோடு ஒப்பிட்டோம். பொருந்தியது. தாத்தா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில் அந்த வீரன் அவர்களுடைய குலத்துக்காரன் என்று இருந்தது, அதற்குப் புத்தகத்தில் இடமில்லை. பையன் அந்தப் பாதியை அவனே அடித்துவிட்டான். 22 வருஷ வேலையில் நான் ஏதாவது சொல்லிக்கொடுத்தேன் என்றால் அன்றைக்குத்தான். அது நூலகப் பாடமா, கணினிப் பாடமா என்று பிரிக்கச் சொன்னால் எனக்குப் பிரிக்கத் தெரியாது.

கட்டுரை மறுபடி ஏறியது, நின்றது. படம் அவனே செல்போனில் எடுத்தது. கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டின் பின்பாதி விழுந்திருக்கிறது. ஆட்டை வெட்டிவிட்டுப் படத்தை ஏற்றலாமே என்றேன்.

"வேணாம் சார்" என்றான். "அது எங்க ஆடு."